கையில் ஏறும் மருந்தும் தோல் தரும் எச்சரிக்கையும்

பௌர்ணமி கழிந்த சில நாட்களில், காலில் புண்ணும் வீக்கமுமாக எங்கள் பிரிவுக்கு வருவோரை அவ்வப்போது காண்கிறோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றியவர்கள் அவர்கள். அவர்களுள் நீண்டநாள் நீரிழிவு உடையோர் பலர். பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பதால் முள் தைத்ததையோ கொப்புளம் உடைந்ததையோ அறியாமலேயே நடந்து முடித்திருப்பார்கள். புண்ணில் கிருமி புகுந்து கணுக்கால்வரை வீங்கிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிரை வழியாக, பல நாட்கள், வேளை தவறாமல் செலுத்த நேரிடும்.

உயிரையும் காலையும் காப்பாற்றும் இம்மருந்துகள் சிலருக்குத் தோலிலும் சிரையிலும் எதிர்விளைவுகளை உண்டாக்குகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சிறியவை, சில ஆபத்தானவை. எது எத்தகையது என்பதை நோயாளியும் உடனிருப்போரும் ஓரளவு அறிந்திருந்தால், தேவையற்ற அச்சமும் நீங்கும். ஆபத்தான தாமதமும் நேராது. இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

நரம்பா, சிரையா?

கையில் நீலமாகத் தெரியும் குழாயை நம் வழக்கில் ‘நரம்பு’ என்றே சொல்கிறோம். அதனால் ஊசி போட்ட இடம் வீங்கினால், “நரம்பு வீங்கிவிட்டது, கை விளங்காமல் போய்விடுமோ?” என்று பலர் அஞ்சுகின்றனர். உணர்ச்சியையும் அசைவையும் கடத்துவதுதான் நரம்பு. நாங்கள் மருந்து செலுத்துவது சிரையில். அதாவது, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயில். சிரையில் ஏற்படும் அழற்சியால் கை செயலிழப்பதில்லை. ஆயினும் அதைக் கவனியாமல் விடலாகாது.

சிரை ஏன் புண்படுகிறது?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மருந்தின் தன்மை. இரத்தம் சற்றே காரத்தன்மை உடையது. வான்கோமைசின் போன்ற மருந்துகளின் கரைசலோ நல்ல அமிலத்தன்மை கொண்டது. கிளாக்சசிலின், எரித்ரோமைசின் ஆகியவையும் சிரையின் உட்சுவரை எரிச்சலூட்டக்கூடியவை. மருந்து செறிவாகவும் வேகமாகவும் செல்லும்போது எரிச்சல் மிகும். போதிய நீர்மத்தில் கரைத்து மெதுவாகச் செலுத்துவது இதனாலேயே.

இரண்டாவது, உராய்வு. சிரைக்குள் இருப்பது இரும்பு ஊசியன்று; மெல்லிய, வளையக்கூடிய குழாய். ‘வென்ஃப்ளான்’ என்று வார்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான். மணிக்கட்டு அல்லது முழங்கை மடிப்பில் அது இருந்து, நோயாளி கையை அடிக்கடி மடக்கினால், குழாயின் நுனி சிரைச் சுவரை உரசிக்கொண்டே இருக்கும். சிறிய சிரையில் பெரிய குழாய் இருந்தாலும் இதே நிலைதான்.

மூன்றாவது, கிருமி. ஒட்டுப்பட்டை நனைந்தாலோ கழன்றாலோ தோலிலுள்ள கிருமிகள் குழாய் வழியே உள்ளே செல்ல இடம் கிடைக்கும்.

இவற்றினின்று வேறானது, மருந்து சிரையை விட்டு வெளியே கசிவது. அப்போது ஊசிக்கு மேலும் கீழும் கை உப்பி, தோல் இறுகிக் குளிர்ந்திருக்கும், சொட்டும் நின்றுபோகலாம். சில மருந்துகள் கசிந்தால் தோலே புண்ணாகிவிடும். ஆகவே “சொட்டு இறங்கவில்லை” என்று கையைத் தட்டுவதும் குழாயை அழுத்துவதும் வேண்டாம். செவிலியரை அழையுங்கள்.

எந்த நிலையில் சொல்ல வேண்டும்?

சிரை அழற்சியை அளவிட, பிரிட்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் 1998இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை பல நாடுகளில் பயன்படுகிறது. சுழியத்திலிருந்து 5 வரை அதன் படிகள் உள்ளன. நோவோ சிவப்போ இல்லாவிடில் சுழியம். ஊசி இருக்கும் இடத்தில் இலேசான வலியோ இலேசான சிவப்போ தோன்றினால் 1. வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றுள் இரண்டு சேர்ந்தால் 2. அந்நிலையிலேயே குழாயை எடுத்துவிட்டு வேறிடத்தில் போட வேண்டும். சிரையின் வழியெங்கும் வலியும் சிவப்பும் பரவி இடம் தடித்தால் 3. சிரை கயிறுபோல் கெட்டியாகத் தட்டுப்பட்டால் 4. அத்துடன் காய்ச்சலும் சேர்ந்தால் 5.

இந்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: 1 என்னும் படியில் நீங்கள் சொன்னால் இழப்பது ஒரு குழாய், 4இல் சொன்னால் இழப்பது ஒரு சிரை. இரண்டு வாரம் மருந்து தேவைப்படும் நோயாளிக்குக் கையில் நல்ல சிரைகள் சிலவே உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக இழந்துவிட்டால், கழுத்துச் சிரையை நாட வேண்டியிருக்கும்.

நம்மவர்களின் தோல் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். மாநிறமோ கருநிறமோ உடைய தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துக் காத்திராதீர்கள். புறங்கையால் தொட்டு இரு கைகளையும் ஒப்பிடுங்கள். ஒருபுறம் சூடாகவோ மினுமினுப்பாகவோ கெட்டியாகவோ இருந்தால், தொட்டதும் நோயாளி கையை இழுத்துக்கொண்டால், அதுவே போதிய சான்று. “இரவு நேரத்தில் சிஸ்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றிருந்தோம்” என்று காலையில் சொல்வோர் பலர். அது தொந்தரவன்று, எங்களுக்கு நீங்கள் செய்யும் உதவி.

வேகத்தால் வரும் சிவப்பு

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை தீபத்தன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். செங்கம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் காற்புண்ணுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். சீழைப் பரிசோதித்ததில் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமி தெரியவந்ததால், வான்கோமைசின் கொடுத்துவந்தோம். நான்காம் நாள் மாலை நான்கே முக்காலுக்குச் சொட்டு தொடங்கியது. ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றுவார்கள். தந்தையை மாடிக்கு அழைத்துச் சென்று தரிசனம் செய்விக்க வேண்டும் என்பது மகனின் ஆவல். சொட்டோ மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அவர் குழாயிலுள்ள சிறு சக்கரத்தைத் திருகி வேகத்தைக் கூட்டிவிட்டார்.

கால் மணி நேரத்துக்குள் பெரியவர் தலையையும் கழுத்தையும் சொறியத் தொடங்கினார். முகமும் மார்பும் அனலாய்க் காந்துவதாகச் சொன்னார். கருத்த மேனியில் சிவப்புத் தெரியாததால், கூட்டத்தின் புழுக்கம் என்று மகன் எண்ணியிருந்தார். செவிலியர் வந்து பார்க்கும்போது இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மருந்தை நிறுத்தி, ஒவ்வாமை முறிமருந்தும் நீர்மமும் கொடுத்த பின் ஒரு மணி நேரத்தில் நிலைமை சீரானது. மகன் என்னிடம் கேட்டார்: “நான் செய்த தவறுதானா, டாக்டர்?”

சக்கரத்தைத் திருகியது அவர் கைதான். ஆனால் அந்தச் சொட்டு ஏன் மெதுவாக இறங்க வேண்டும் என்பதை எங்களுள் ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அத்தவறு எங்களுடையது, அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

காரணம் இதுதான். வான்கோமைசின் 1 கிராம் என்றால் குறைந்தது 60 நிமிடங்களில் செலுத்தப்பட வேண்டும். அதைவிட வேகமாகச் சென்றால், தோலடியிலுள்ள மாஸ்ட் செல்களை அம்மருந்து நேரடியாகத் தூண்டி, ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடச் செய்கிறது. முகம், கழுத்து, மேல்மார்பு ஆகியவை சிவந்து நமைப்பதும், சிலருக்கு இரத்த அழுத்தம் குறைவதும் அதன் விளைவு. இது பெரும்பாலும் உண்மையான ஒவ்வாமையன்று. போர்னியோத் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டு, 1958இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த மருந்து இது. தொடக்கத்தில் மாசு கலந்து பழுப்பாக இருந்தது. எதிர்விளைவுகளுக்கு அம்மாசே காரணம் என்று எண்ணினர். தூய்மை செய்த பின்னும் வேகமாகச் செலுத்தினால் சிவப்பு வரத்தான் செய்கிறது.

உண்மையான ஒவ்வாமை அன்று என்பதால், மருந்தைக் கைவிட வேண்டியதில்லை. அந்தப் பெரியவருக்கு அடுத்த வேளை மருந்தை இரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் செலுத்தினோம். எந்தத் தொல்லையும் இல்லை. மலையுச்சித் தீபம் 11 நாட்கள் எரியும். மறுநாள் மாலை அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து தரிசித்தார். அன்று முதல், மெதுவாக இறங்க வேண்டிய மருந்து எது, ஏன் என்பதை உடனிருப்போருக்குச் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

நிமிடங்களில் வரும் ஒவ்வாமை

உண்மையான ஒவ்வாமையில், உடலின் எதிர்ப்பாற்றல் மருந்தைப் பகையாகக் கருதி முன்னமே எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். பென்சிலின் வகை, செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின் வகை மருந்துகளில் இதைக் காண்கிறோம். மருந்து ஏறிய சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளிப்படும். கொசு கடித்ததுபோன்ற தடிப்புகள் உடலெங்கும் எழும். உள்ளங்கையும் உள்ளங்காலும் நமைக்கும். உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கும். குரல் கம்முதல், மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவை சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்னும் உயிராபத்தான நிலை. தோலில் ஒன்றும் தெரியாமலே இது நேர்வதும் உண்டு.

அப்போது நீங்கள் செய்ய வேண்டியவை சில. உரக்கக் குரல் கொடுத்துச் செவிலியரை அழையுங்கள். சொட்டுச் சக்கரத்தை முழுதும் மூடிவிடுங்கள்; நிறுத்துவதில் தீங்கில்லை, கூட்டுவதில்தான் தீங்கு. வென்ஃப்ளானைப் பிடுங்கிவிடாதீர்கள், உயிர்காக்கும் நீர்மம் அதன் வழியேதான் செல்ல வேண்டும். நோயாளியை எழுப்பி நடத்தாமல் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் சாய்ந்து உட்காரட்டும். தண்ணீரோ காப்பியோ புகட்ட வேண்டாம். நாங்கள் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போடுவோம். முதல் மருந்து அதுவே. குணமான பின்னும் சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும் என்பதால் கண்காணிப்பில் வைப்போம். “சரியாகிவிட்டதே” என்று வீட்டுக்குப் புறப்பட அவசரப்படாதீர்கள்.

நாள் கழித்து வரும் தடிப்பு

மருந்து தொடங்கிச் சில நாட்கள் கழித்து, பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், மார்பிலும் முதுகிலும் வேர்க்குருபோன்ற தடிப்புகள் தோன்றிப் பரவுவதுண்டு. வீடு திரும்பிய பிறகு இது வந்தால், குடும்பத்தார் முதலில் குற்றம் சாட்டுவது கத்தரிக்காயையும் கருவாட்டையும்தான். புண் ஆறுவதற்குப் புரதச்சத்து தேவைப்படும் நேரத்தில் முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள். உண்மைக் காரணம் மருந்தாக இருக்கலாம் என்பதால், உணவை நிறுத்துமுன் எங்களிடம் காட்டுங்கள்.

இத்தகைய தடிப்பு பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவாயினும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்: வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் புண் அல்லது எரிச்சல், தோலில் கொப்புளம், தோல் உரிதல், தொட்டாலே தோல் வலித்தல், தடிப்புடன் காய்ச்சலும் முகவீக்கமும், கண் மஞ்சளாதல். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் போன்ற கடுமையான எதிர்விளைவுகள் இப்படித்தான் தொடங்குகின்றன. அவற்றில் முதற்சிகிச்சை, காரணமான மருந்தை உடனே நிறுத்துவது. அதனால்தான் ஒருநாள் தாமதமும் பொருட்படுத்தத் தக்கது.

‘டெஸ்ட் டோஸ்’ போட்டால் போதாதா?

முன்கைத் தோலில் சிறிதளவு மருந்தைப் போட்டுப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதில் தடிப்பு வராவிட்டால் ஆபத்தே இல்லை என்று பொருளன்று. மருந்தே எரிச்சலூட்டி, ஒவ்வாமை இல்லாதவருக்கும் தடிப்பு வருவதுண்டு. மேலும், நாள் கழித்து வரும் தடிப்பையோ வேகத்தால் வரும் சிவப்பையோ சிரை அழற்சியையோ அச்சோதனை முன்கூட்டிச் சொல்லாது. முன்பு எந்த மருந்துக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் சொல்லும் செய்தி, அந்தச் சோதனையைவிட மதிப்புடையது.

“பென்சிலின் ஒத்துக்கொள்ளாது”

இச்சொற்றொடரைப் பழைய சீட்டில் எழுதிக்கொண்டு வருவோர் பலர். வாத இதய நோயுள்ள கல்லூரி மாணவி ஒருவர் அப்படி வந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசி, அவ்வொரு வரியால் பல ஆண்டுகளாக நிறுத்தப்பட்டிருந்தது. அவருடைய தாயாரிடம் பொறுமையாக விசாரித்தோம். சிறுவயதில் வெறும் வயிற்றோடு ஊசி போட்டுக்கொண்டு, பயத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். தடிப்போ மூச்சுத்திணறலோ இருந்ததில்லை. உரிய பாதுகாப்போடு சோதித்த பின் ஊசி மீண்டும் தொடங்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய இதய வால்வு மேலும் பழுதடைந்திருந்தது. அதை நம்மால் திருப்பித் தர இயலவில்லை.

அமெரிக்காவில் 10 பேரில் ஒருவர் தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு என்கிறார்; முறையாகச் சோதித்தால் அவர்களுள் 90 விழுக்காட்டினருக்கும் மேல் அம்மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். தவறான பெயர் ஒட்டிக்கொண்டால், வீரியமும் விலையும் பக்கவிளைவும் மிகுந்த வேறு மருந்தே கிடைக்கும். அதற்காக நீங்களாகவே மருந்தை முயன்று பார்க்கவும் கூடாது. உண்மையான ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிராபத்து. சோதிப்பது மருத்துவமனையில் மட்டுமே நடக்க வேண்டும்.

ஆகவே எதிர்விளைவு ஏற்பட்டால், வீடு திரும்புமுன் ஐந்து செய்திகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், நாள், மருந்து ஏறி எவ்வளவு நேரம் கழித்து வந்தது, என்னென்ன தோன்றின, என்ன சிகிச்சையால் அடங்கியது. “ஊசி ஒத்துக்கொள்ளவில்லை” என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். அந்தச் சீட்டை ரேஷன் அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள்.

நீங்களும் பதிவு செய்யலாம்

மருந்துகளின் எதிர்விளைவுகளைத் திரட்டி ஆராய, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் 2011 முதல் அதை நடத்திவருகிறது. நம் வட்டாரத்தில் வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்கான மையங்கள் உள்ளன. மருத்துவர் மட்டுமன்றி, நோயாளியும் உறவினரும் தெரிவிக்கலாம். அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. இது எவர்மீதும் புகார் செய்வதன்று. ஒருவருக்கு நேர்ந்தது அடுத்தவருக்கு நேராமல் காக்கும் ஏற்பாடு.

கேள்விகளும் விடைகளும்

வென்ஃப்ளானை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?
முன்பு 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். இப்போது, ஒவ்வொரு முறைப்பணியிலும் இடத்தைப் பார்த்து, கோளாறு தோன்றினால் உடனே மாற்றுவதும், தேவை முடிந்ததும் எடுத்துவிடுவதும் போதும் என்ற கருத்து வலுத்துள்ளது. மருந்து நின்ற பின்னும் குழாய் கையில் இருந்தால், “இது இன்னும் தேவையா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

வீங்கிய இடத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ பூசலாமா?
வேண்டாம். ஊசித் துளை மூடும்வரை அது கிருமிக்கு வாசல். குழாயை எடுத்த பின் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதும், சுத்தமான துணியால் இளஞ்சூட்டு ஒற்றடம் கொடுப்பதும் சிரை அழற்சிக்கு இதமளிக்கும். நீரிழிவால் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சூடு தெரியாது. உடனிருப்பவர் தம் கையில் வைத்துப் பார்த்த பிறகே ஒற்றடம் தர வேண்டும். மருந்து கசிந்த வீக்கமாயின், ஒற்றடம் சூடாகவா குளிர்ச்சியாகவா என்பது மருந்தைப் பொறுத்தது, கேட்டுச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்னும் கையில் கயிறுபோல் கெட்டியாக இருக்கிறதே?
வலியும் சூடும் குறைந்துகொண்டே வந்தால் அஞ்ச வேண்டாம். முழுதும் கரையச் சில வாரங்கள் ஆகலாம். தேய்த்து உருவ வேண்டாம். சிவப்பு மேலேறினாலோ, சீழ் கசிந்தாலோ, குளிருடன் காய்ச்சல் வந்தாலோ உடனே வாருங்கள்.

வளையலும் மோதிரமும் இருக்கலாமா?
ஊசி போட்ட கையில் வேண்டாம். கை வீங்கினால் அவை இறுக்கி, வெட்டி எடுக்கும் நிலை வரும். கோயில் கயிறு கட்டியிருந்தால் மறுகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நிறைவாக

மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்களே நோயாளியின் அருகில் நிற்கிறார். செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இரவெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நீங்கள். அந்தக் கை சுடுவதை முதலில் உணர்வதும், கழுத்தைச் சொறிவதை முதலில் காண்பதும் உங்களுக்கே வாய்க்கும். சொட்டின் வேகத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். கண்டதைச் சொல்லும் வேகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு முன், நீரிழிவு உடைய பெரியவர்களின் பாதங்களை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். புண்ணே வராவிட்டால் இந்த ஊசிகளுக்கும் தேவை இராது.